500 வார்த்தையில் ஒரு நல்ல குணம்

ஓசூரில் நல்ல குணத்துக்குப் பஞ்சமே கிடையாது. சிப்காட்டில் எந்தத் தெருவில் நடந்தாலும் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு நிற்கும்: நேர்மை, தரம், குழு உணர்வு, தொடர் முன்னேற்றம், வாடிக்கையாளர் மகிழ்ச்சி. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இந்த ஊரிலிருந்துதான் உருண்டு வெளியே போனது. அதே ஆண்டு அசோக் லேலண்ட் இங்கே தொழிற்சாலை திறந்தது. 1987-ல் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு நட்டும் புஷ்ஷும் செய்துகொடுக்கச் சின்னக் கம்பெனிகள் வந்தன. அவற்றின் பின்னாலேயே போர்டு எழுதுகிறவர்களும் வந்துசேர்ந்தார்கள்.

அப்படியொரு சின்னக் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கையில் வெர்னியர், காலடியில் சிவப்பு பின். அளவு தப்பிய பீஸ் சிவப்பு பின்னுக்குப் போகும். அவ்வளவுதான் உத்தியோகம். எங்கள் போர்டிலும் ஐந்து குணங்கள் உண்டு. ஐ.எஸ்.ஓ. ஆடிட் வரும் வாரத்தில் அவற்றைச் சின்ன அட்டையில் அச்சடித்து, லேமினேட் செய்து, ஆளுக்கொன்று சட்டைப் பையில் செருகிவிடுவார்கள். ஆடிட்டர் லைனில் நடந்து வரும்போது, மனப்பாடம் ஆகாதவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பாத்ரூம் வரும்.

ஆகவே, பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஒருநாள் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, நம்ம வீட்டுக்கு என்ன வேல்யூ இருக்கு?” என்று கேட்டபோது நான் பதறவில்லை. “அட்டை சட்டைப் பாக்கெட்ல இருக்கும், எடுத்துக்கோ” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஒரு பக்கம் இருக்கட்டும், வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கும் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்த விண்ணப்பத்தில் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு காலிப் பெட்டி. உனக்கு முக்கியமான ஒரு வேல்யூவைத் தேர்ந்தெடு, அது உன் வாழ்க்கையில் எப்படி வெளிப்பட்டது என்று 500 வார்த்தைக்குள் எழுது என்கிறது.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இது புதுத் தொல்லை. நம் கவுன்சலிங்கில் பிள்ளை என்பது ஒரு எண். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்கு கட்-ஆஃப் எவ்வளவு என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்பார். பிள்ளை எப்படிப்பட்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நுழைவுத் தேர்வையும் ஏறக்கட்டியாயிற்று. இரண்டு பிள்ளைகள் தசமப் புள்ளி வரைக்கும் சமமாக நின்றால், கணக்கில் யார் அதிகம், இயற்பியலில் யார் அதிகம் என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். எல்லாம் சமம் என்றால் பிறந்த தேதி. அதுவும் சமம் என்றால், கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த ரேண்டம் எண். யார் நல்ல பிள்ளை என்று ஒரு கட்டத்திலும் கேள்வி வராது. குணத்தைத் தோண்டுவதைவிடக் குலுக்கல் மேல் என்று அரசாங்கம் முடிவெடுத்திருக்கிறது. இரண்டு பிள்ளை வளர்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

குணம் கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் எப்படி வந்தது என்று ஜெரோம் காராபெல் என்ற சமூகவியலாளர் 2005-ல் ‘தி சோஸன்’ என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். படிப்பை மட்டும் பார்த்துச் சேர்த்தால் யூதப் பிள்ளைகள் நிறையப் பேர் உள்ளே வந்துவிடுகிறார்கள் என்று 1920-களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றுக்கும் கவலை பிடித்தது. அதிலிருந்துதான் ‘குணநலன்’ என்ற ஒன்றையும் அளக்க ஆரம்பித்தார்கள். அதை அளக்கும் கருவி அவர்கள் கையில் மட்டும் இருந்தது வசதி. இன்றைக்கு அங்கே பல நூறு கல்லூரிகளுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் 650 வார்த்தைக் கட்டுரை உண்டு. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இனத்தால் தன் வாழ்க்கை எப்படி ஆனது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் படிக்கலாம் என்றது. அத்தனை பெரிய தேசத்தின் அத்தனை பழைய சண்டையும் கடைசியில் அந்தக் காலிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நம் ஊரிலும் புதிதாக வந்த சில தனியார் பல்கலைக்கழகங்கள் பெட்டியை மட்டும் இறக்குமதி செய்திருக்கின்றன.

அன்று ராத்திரி வீட்டில் மாநாடு கூடியது. நான், மனைவி, ஆனேக்கல்லிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமியார், எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் பஸ் ஏறும் மச்சான், கூப்பிடாமலே வந்த எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

முதலில் தைரியம். எடுத்துக்கொடுத்தது மச்சான். தளியில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது யானை வந்ததே, அதை எழுது என்றான். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி சாப்பிட வரும். அன்றைக்கும் வந்தது. பெரியப்பா பட்டாசு கொளுத்தினார், பெரியம்மா தட்டைத் தட்டினார், தெருவே டார்ச் லைட்டோடு நின்றது.

“நீ எங்க இருந்தே?” என்று கேட்டேன்.

“தூங்கிட்டிருந்தேன்.”

“யானை வந்தும் எழுந்திருக்காம தூங்குறதுக்குத் தைரியம் வேணாமா?” என்றான் மச்சான். ஐ.டி. கம்பெனியில் அவனுக்கு அப்ரைசல் ஏன் நன்றாக வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது அன்பு. என் மனைவியின் கட்சி. அன்பைப் பற்றி எழுதினால் யாருக்குத்தான் பிடிக்காது என்றாள். அடுத்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கலாம். எங்கள் பக்கத்தில் அன்பு ஒரு விளைபொருள். பாகலூர் சித்தப்பா பாலி ஹவுஸில் ரோஜா போட்டிருக்கிறார். பிப்ரவரி 14 நெருங்கினால் காதலைக் காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டைப் பெட்டியில் அடைத்து, குளிர்பதன வண்டியில் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு அனுப்புவார். 14-ஆம் தேதி சித்தியிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். பேச நேரம் இருக்காது. விலை விழுந்த வருஷம் என்றால் 15-ஆம் தேதியும் பேச மாட்டார். அன்பு தள்ளுபடி.

சுற்றுச்சூழல். கேலவரப்பள்ளி அணை நுரையைப் பற்றி எழுதலாம் என்றேன் நான். நந்தி மலையில் சுத்தமாகப் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வரும்போது அங்கிருக்கிற கழிவையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. மதகு திறந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை கிளம்பும். நல்ல பிரச்சினை, பெரிய பிரச்சினை, நம் வீட்டுப் பக்கத்துப் பிரச்சினை.

“நுரைக்கு எதிரா நான் என்ன செஞ்சேன்னு எழுதணுமே அப்பா?”

யோசித்துப் பார்த்தோம். கார் கண்ணாடியை ஏற்றியிருக்கிறாள்.

நல்லிணக்கம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இது தப்பவே தப்பாது. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். வீட்டில் தமிழும் கன்னடமும், காய்கறிக்காரரிடம் தெலுங்கு, மெக்கானிக்கிடம் உருது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் பஸ்கள் இந்தப் பக்கத்தோடு நின்றுபோய், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்தே கடந்தார்களே, அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மாமியார் கன்னடச் செய்தி பார்த்தார், நான் தமிழ்ச் செய்தி பார்த்தேன். சண்டை ரிமோட்டுக்குத்தான் நடந்தது, தண்ணீருக்கு நடக்கவில்லை.

“கிளாஸ்ல பாதிப் பேர் இதைத்தான் எழுதுறாங்க” என்றாள் மகள். “எல்லையில பொறந்தேன், நாலு மொழி பேசுவேன், நான் ஒரு பாலம்னு. அந்த யூனிவர்சிட்டி இந்த வருஷம் ஓசூர்லேர்ந்து பாலமா வாங்கிக் குவிக்கப் போகுது.”

அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லை எங்களுக்கு மனித நேயத்தைவிட விலை ஒப்பீட்டைத்தான் அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது. இந்த வாரம் பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவு, எந்த மாநில நம்பர் போட்டால் வண்டிக்கு வரி குறையும் என்பதெல்லாம் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

தலைமையாசிரியர் அதுவரை பொறுமையாக இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “எளிமை” என்றார். “ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி இங்கேருந்து கூப்பிடு தூரம். 1878. ஒரு கிராமத்து முன்சீப் மகன், கவர்னர் ஜெனரல் நாற்காலி வரைக்கும் போனார். அவரை வெச்சு ஆரம்பிம்மா.”

மகள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். “சார், 1953-ல அவர் கொண்டுவந்த திட்டத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு அரை நேரம்தான் ஸ்கூல், மீதி நேரம் வீட்ல பெத்தவங்க தொழிலைக் கத்துக்கணும். அடுத்த வருஷமே காமராஜர் அதை எடுத்தாரோ, நான் பொழச்சேனோ. இல்லேன்னா மத்தியானத்துல அப்பாகூட உக்காந்து புஷ் அளந்துட்டிருப்பேன். காலேஜுக்கு அப்ளிகேஷன் போடும்போது அவரைத் துணைக்குக் கூப்பிடலாமா?”

சார் செருப்பைத் தேடினார்.

மச்சான் தெரிந்தவர் மூலம் பெங்களூரில் ஒரு கவுன்சலரைப் பிடித்தான். வெளிநாட்டு விண்ணப்பம், உள்நாட்டு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் கட்டுரை செப்பனிட்டுக் கொடுப்பவர். வீடியோ காலில் வந்தார். பாப்பா ஏதாவது என்.ஜி.ஓ. ஆரம்பித்திருக்கிறாளா என்று கேட்டார். இல்லை. நூலகம்? இல்லை. குடும்பத்தில் பெரிய துயரம் ஏதாவது? மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மனக்குறை இருந்தது. இ.எஸ்.ஐ., பி.எஃப்., வீட்டு லோன் என்று ஆயுள் முழுக்கப் பாடுபட்டு ஒரு துயரமும் வராமல் பிள்ளையை வளர்த்தால், அதுவே பிள்ளையின் படிப்புக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. “கோவிட்ல ஏதாவது?” என்று கவுன்சலர் நம்பிக்கையோடு கேட்டார். அப்போது எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள், எங்களுக்கும் கிடைத்தது என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

அப்புறம் அவள் ஒரு ஏ.ஐ. செயலியிடம் கேட்டாள். அது கண் இமைக்கும் நேரத்தில் கட்டுரை தந்தது. அதில் ஒரு பாட்டி விடியற்காலையில் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் கோலம் போடுகிறார். ஒவ்வொரு புள்ளியும் விடாமுயற்சி என்று பேத்திக்குச் சொல்கிறார். சுருக்கம் விழுந்த கையால் தலையைத் தடவுகிறார். மகள் அதைக் கன்னடத்தில் பெயர்த்து அஜ்ஜிக்குப் படித்துக் காட்டினாள். என் மாமியார் ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார், எழுந்ததும் முதலில் ரிமோட்டைத்தான் தடவுவார். முழுக்கக் கேட்டுவிட்டு, “பாவம், யார் அந்தம்மா?” என்றார்.

இப்படித் தரம் தேறாத குணங்களால் வீட்டில் ஒரு சிவப்பு பின் நிரம்பிக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் பஸ் ஸ்டாண்டிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய், இரண்டு பேருக்கு இருபது. மனைவி முப்பது ரூபாயாக நீட்டியிருக்கிறாள். டிரைவர் சில்லறை இல்லை என்று வண்டியைக் கிளப்பப் பார்த்திருக்கிறார். மகள் போய் ஹேண்டில் பாருக்கு முன்னால் நின்றுகொண்டாள். பின்னால் டவுன் பஸ் ஹாரன், அதற்குப் பின்னால் கம்பெனி பஸ் ஹாரன். டிரைவர் கடைசியில் சீட்டுக்கு அடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக்கொடுத்து ஒரு கும்பிடும் போட்டிருக்கிறார்.

“பத்து ரூபாய்க்காக நடுரோட்ல என் மானத்தை வாங்கிட்டா!” என்று என் மனைவி ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மளிகைக்கடைக்காரர் தப்பாக இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று கொட்டுகிற மழையில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்து ஜுரத்தில் படுத்தது. ஸ்கூல் டூரில் மிஞ்சின பணத்தை எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிடலாம் என்றபோது, முடியாது என்று கணக்குப் போட்டு ஆளுக்கு ஏழு ரூபாயாகப் பிரித்துக்கொடுத்து, வகுப்பே இவளோடு பேசாமல் இருந்தது. சித்தி மகள் கல்யாண மொய் நோட்டை இவளிடம் கொடுத்ததால், கூட்டல் பொருந்துகிற வரைக்கும் ராத்திரி ஒரு மணிக்கு மண்டபத்தில் ஒருவரையும் நகரவிடாதது. சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்று முடித்தாள்.

“இதை எழுதும்மா” என்றேன் மகளிடம்.

மனைவி அதிர்ந்துபோனாள். “இதையா? இது நல்ல குணம் இல்லீங்க, இது வியாதி!”

எனக்கு அப்போதுதான் பிடி கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு என்ன குணம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அது எதற்காகப் பாராட்டு வாங்குகிறது என்று பார்த்துப் பயனில்லை. பாராட்டு வாங்கித் தருவதை எல்லோரும் செய்வார்கள். எதற்காகத் தொடர்ந்து திட்டு வாங்குகிறது, திட்டு வாங்கியும் எதை விடவில்லை என்று பார்க்க வேண்டும். யானைக்காக இவளை யாரும் திட்டியதில்லை. நுரைக்காக ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. நாலு மொழி பேசுவதற்காக இந்த ஊரில் யாருக்குத் திட்டு விழுந்திருக்கிறது? சில்லறைக்காகத்தான் தாய், தோழி, டிரைவர், கல்யாண மண்டபம் என்று ஊரே திட்டியிருக்கிறது. ஆனாலும் மாறவில்லை.

“போன் பாக்குறதுக்கும்தான் தினமும் திட்டு வாங்குறா. அதையும்தான் விடலை” என்றாள் மனைவி.

நியாயமான ஆட்சேபம். எங்கள் தொழிலில் ஒரு துளைக்கு இரண்டு கேஜ் போட்டுப் பார்ப்போம்: ஒன்று உள்ளே போக வேண்டும், மற்றொன்று போகக் கூடாது. இதற்கும் இரண்டாவது கேஜ் ஒன்று வேண்டும்தான். திட்டு வாங்குவதோடு, அந்தக் காரியத்தால் நமக்குச் சுகமும் கிடைக்கக் கூடாது. போன் சுகம். மழையில் நனைந்து இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன சுகம் இருக்கிறது? ஜுரம்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஊர் வேறு மாதிரித் தெரிகிறது. தலைமையாசிரியர் சொன்ன ராஜாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய எளிமையை யாரும் திட்டவில்லை. முஸ்லிம் லீக்கின் தனிநாட்டுக் கோரிக்கையைக் காங்கிரஸ் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று 1942-ல் சொன்னார். சொந்தக் கட்சியே திட்டியது. கட்சியைவிட்டு வெளியே வந்தார், கருத்தைவிட்டு வரவில்லை. எண்பது வயசில், 1959-ல், நேருவை எதிர்த்துப் புதுக்கட்சி ஆரம்பித்தார், மறுபடியும் திட்டினார்கள். அந்த 1953 திட்டத்துக்கு வாங்கினது தனிக் கணக்கு. சரியோ தப்போ, அவர் குணம் பிடிவாதம். அதை எழுதச் சொல்லியிருந்தால் மகளும் மறுத்திருக்க மாட்டாள்.

கம்பெனி போர்டையும் இப்படிப் பார்த்துவிட வேண்டும். தரத்தில் சமரசம் இல்லை என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். மாசக் கடைசியில், லாரி வாசலில் நிற்கும்போது, இரண்டு மைக்ரான் கூடுதல் என்று நான் ஒரு லாட்டை நிறுத்திவைத்தால், டிஸ்பாட்ச்காரர்கள் என்னைச் சுற்றிவந்து, “உங்களோட ஒரே ரோதனை சார்” என்கிறார்கள். போர்டை யாரும் திட்டுவதில்லை. எனவே அந்தக் குணம் போர்டுக்குச் சொந்தமில்லை. இதை நான் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வியாதி எங்கேருந்து ஒட்டுச்சுன்னு இப்பத் தெரியுது” என்றாள்.

மகள் ஒரே மூச்சில் எழுதினாள். ஆட்டோ டிரைவரின் கும்பிடு உள்பட எல்லாம் அதில் இருந்தது. மச்சான் படித்துப் பார்த்து, கடைசியில் உலக சமாதானம் பற்றி ஒரு பாரா சேர்க்கலாமே என்றான். சேர்க்கவில்லை. கவுன்சலருக்கு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் அந்தப் பத்து ரூபாய் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் திட்டமாகத் திரும்பி வந்திருக்கும்.

பெட்டியில் ஒட்டி, விண்ணப்பக் கட்டணம் கட்டியபோது பணம் கணக்கிலிருந்து இரண்டு தடவை போய்விட்டது. மகள் உடனே பல்கலைக்கழகத்துக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். தேதி, நேரம், பரிவர்த்தனை எண், ஸ்க்ரீன் ஷாட், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்ற கேள்வி.

“வேண்டாம்டீ!” என்று மனைவி லேப்டாப் மூடியைப் பிடித்துக்கொண்டாள். “சீட்டு கேக்குற இடத்துல போய் ரூபா பாக்கி கேப்பியா? கெட்ட பேர் எடுக்காதே. ஆயிரம் ரூபா போனாப் போகட்டும்.”

மச்சானும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டான். அஜ்ஜி விஷயம் புரியாமலே மகளைக் கன்னடத்தில் கடிந்துகொண்டார். நாலு பக்கமும் திட்டு. கட்டுரைகூட யார் வேண்டுமானாலும் எழுதிக்கொடுத்துவிடலாம். இந்த மெயிலை இவள்தான் எழுத முடியும் என்று நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அனுப்பினாள். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினாள், இந்தத் தடவை நிதி அலுவலருக்கும் ஒரு நகல்.

இடம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. பணம் வந்துவிட்டது.